கால் அங்குல நீலம்

பணகுடிக் காற்றாடிகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன்.
எண்பது மீட்டர் ஏணி இறங்கிய காலோடு
நேரே வள்ளியூர் வந்து நின்றான் சுயம்பு.
கையில் சாக்குத்துணி, அதற்குள் சிலிண்டர் ஹெட்.
"எக்கா, எதிர்க்காத்துல நூறைத் தாண்ட மாட்டேங்கு.
உள்ள நல்லாப் பெருசாக் கொடைஞ்சு விட்ருங்க."

பெருசா.
இந்த ஷெட்டுக்குள் வருகிற எல்லோருக்கும்
முதல் சொல் அதுதான்.

ஆணியில் தொங்கும் பழைய ஹெட்டைக் கழற்றி
அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
"என்ன தெரியுது?"
"வெளிச்சம்."
"தெரியக் கூடாது."

இன்டேக் கூரைக்கும் ஸ்பிரிங் உட்காரும் குழிக்கும் நடுவே
இன்னும் அரை மில்லி இருக்கிறது என்று
நான் நம்பிய இடம் அது.
ஒரு சனிக்கிழமை,
கரண்ட் போவதற்குள் முடிக்கிற அவசரம்.
எட்டாயிரம் ரூபாய் தண்டம்.
சுண்டுவிரல் நுழையாத ஓட்டைதான்;
'பொம்பளை கிரைண்டர் பிடிச்சா இப்படித்தான்' என்ற பேச்சு
அதில் தாராளமாக நுழைந்தது.

சுயம்பு சுவரைப் பார்த்தான்.
பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார் நான்கு,
பிளைவுட் பெட்டி,
லாடம் போல வளைத்து அடித்த பிளாஸ்டிக் டியூப்.
டியூபில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு நீலம்,
வேட்டிக்கு விடுகிறோமே, அதே.
மோட்டாரைப் போட்டால் ஒரு பக்கம் இறங்கி
மறுபக்கம் ஏறும்.
எவ்வளவு காற்று போகிறது என்பதை
அந்த ஏற்றத்தில்தான் நான் பார்ப்பது.

"நாங்க காத்தைப் பிடிக்கோம், நீங்க உறிஞ்ச வைக்கிய"
என்றான், பெருமையாக.
"இஞ்சின் எங்கலே உறிஞ்சுது?
பிஸ்டன் இறங்கி இடம் விடுது, அவ்வளவுதான்.
மகேந்திரகிரிக்கு மேல நிக்குத அத்தனை காத்தும்
தன் பாரத்துல தானே தள்ளிட்டு வருது.
குறுக்க நிக்காம ஒதுங்கிக்கிடணும்,
அதுதான் என் வேலை."

கார்பைடு பல் அலுமினியத்தைத் தொட்டது.
வால்வு கைடைச் சுற்றி வார்ப்பு விட்டுப்போன திமில்
மாவாக உதிர்ந்து முழங்கை வரை ஒட்டியது.
சீட்டுக்குக் கீழே ஒரு விளிம்பு,
நகத்தில் மட்டும் தட்டுப்படும்.
அதை எடுத்தேன். கூரையைத் தொடவில்லை.

அப்புறம் வளைவு.
காவல்கிணறு விலக்கில் வேகமாய் வரும் லோடு லாரி
உள்வளைவை விட்டு அந்தப் பக்கம் சாயுமே,
காற்றும் அப்படித்தான்,
பாரம் உண்டு அதற்கு.
வளைவை வெட்டாமல் உருட்டினேன்.

பெட்டியில் வைத்துப் பார்த்தால்
நீலம் அசையவே இல்லை.
ஒரு முடி அளவுகூட.
டீ குடித்தேன். மறுபடி வைத்தேன். அதே கோடு.

மறுநாள் அவன் வந்தபோது
பெட்ரோலுக்குக் கரையாத எபாக்ஸியைக் குழைத்து
போர்ட்டின் தரையில் பூசிக்கொண்டிருந்தேன்.
"என்னக்கா, அடைக்கிய!"
முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.
குடையக் கொடுத்தவனுக்கு
வாசலைச் சுருக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

தரை அங்கே பள்ளம்.
காற்று அதில் சுற்றிக்கொண்டே கிடக்கிறது,
டீக்கடை வாசலில் வேலையற்று நிற்கிற
நாலு பேரைப் போல.
அதை நிரப்பினால் மற்றது நேரே போகும்.
இதை அவனுக்குச் சொல்லவில்லை,
எனக்கே நிச்சயமில்லை.

எபாக்ஸி இறுக ஒரு ராத்திரி.
காலையில் எண்பதாம் நம்பர் பேப்பரால் ஒரு தடவல்.
பளபளப்பு வேண்டுமென்றான்;
உன் முகம் பார்க்கவா என்றேன்.
மோட்டாரைப் போட்டதும்
சீறல் நின்று ஒரு முனகல் வந்தது.
நீலம் ஏறியது.
கோட்டுக்கு மேல் கால் அங்குலம்.
இரண்டு தரம் அணைத்துப் போட்டேன்,
அங்கேயே வந்து நின்றது.

அன்று சாயங்காலம் போன்.
நான்குவழிச் சாலையில் நிற்கிறானாம்.
"எவ்வளவுலே போச்சு?"
ஆனிக் காற்று இரைந்தது.
"எவ்வளவு?"
நூத்தி என்று ஏதோ.
மிச்சத்தைக் காற்று கொண்டுபோயிற்று.

பாக்கி ஆயிரத்தைந்நூறு அடுத்த சம்பளத்துக்கு
என்றது மட்டும்
மணி போலக் கேட்டது.